பிப்ரவரியில் பிளம் கேக்

நந்தினி போன் செய்தபோது நான் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பல் மருத்துவமனை வாசலில், வாயில் பஞ்சோடு உட்கார்ந்திருந்தேன். அவள் சொன்னதற்கெல்லாம் 'ம்' என்று மட்டும்தான் பதில் சொல்ல முடிந்தது. நான் வேலை பார்த்த பேக்கரி கம்பெனியில் இப்போது என் நாற்காலியில் இருப்பவள் அவள். ஆபீஸில் புதிதாக ஒரு மென்பொருள் வந்திருக்கிறதாம். இந்த மாதம் எந்தக் கடையில் பன் அதிகம் விற்றது என்று டைப் அடித்துக் கேட்டால் அதுவே பதில் சொல்லிவிடுமாம். இனிமேல் கர்மத்தை மாற்றுகிற வேலையே இல்லை, கர்மம் என்றால் என்னவென்றே புதுப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை, அதனால் கேளம்பாக்கம் விவகாரத்தை நீங்கள் எழுதித் தர வேண்டும் என்றாள். பஞ்சு இருந்ததால் மறுக்க முடியவில்லை.

என் பெயர் ஜெயசீலி. பி.காம். முடித்து, டைப்ரைட்டிங் ஹையரும் முடித்து, மாடம்பாக்கம் போகும் சாலையில் இருந்த அந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். முன்பக்கம் ஆபீஸ், பின்பக்கம் கேக்கும் ரொட்டியும் வேகும் ஃபேக்டரி. நாள் முழுக்க வெண்ணெய் வாசனையில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் உத்தியோகம். சேரும்போது ஒல்லியாக இருந்தேன் என்பதற்கு கல்யாண ஆல்பம் மட்டுமே சாட்சி. முதல் பல வருஷங்கள் பில்களைக் கூட்டுவதிலும், கம்ப்யூட்டர் வந்த பிறகு அது கூட்டியதை நம்பாமல் மறுபடி கூட்டுவதிலும் போயின. அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் எதுவும் இல்லை.

தாம்பரத்தைச் சுற்றிக் கடைகள் பெருகிய பிறகு விற்பனைக் கணக்கு முழுவதையும் ஒரு பெரிய டேட்டாபேஸில் போட்டார்கள். எங்களுக்கு எக்ஸெல் மேல் ஒட்டிக்கொள்ளும் ஒரு ஆட்-இன் கொடுத்தார்கள். ஷீட்டில் கடையின் பெயர், சரக்கின் பெயர், மாதத்தின் பெயர் மூன்றையும் எழுதிவிட்டு ரிஃப்ரெஷ் என்று அமுக்கினால், எண்கள் டேட்டாபேஸிலிருந்து எழுந்து வந்து கட்டங்களில் உட்காரும். முதல் தடவை பார்த்தபோது பக்கத்து சீட் பத்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

இதை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் ரங்கராஜன் சார். ஃபைனான்ஸ் மேனேஜர், திருநீர்மலைக்காரர். குரலை உயர்த்தமாட்டார். மவுஸைத் தொடமாட்டார். நம் பின்னால் நின்றுகொண்டு பேனா மூடியால் திரையைத் தட்டித் தட்டிக் காட்டுவார். என் மானிட்டரில் அவர் தட்டிய புள்ளிகளை ஒன்று சேர்த்தால் கோலமே போடலாம். ஒரே விற்பனையைக் கடைவாரியாக, மாதவாரியாக, சரக்குவாரியாக எப்படிப் பார்ப்பது என்று எனக்குப் புரியாதபோது அவர் சொன்னது இது:

"எங்க ஊர்ல பெருமாள் ஒரு சந்நிதியில நிக்கிறார், ஒண்ணுல உக்காந்திருக்கார், ஒண்ணுல படுத்திருக்கார், இன்னொண்ணுல நடக்கிறார். நாலு பேர் இல்லம்மா, ஒருத்தர்தான். வித்த கேக்கும் ஒண்ணுதான். நீ எந்தப் பக்கம் நின்னு சேவிக்கிறேங்கிறதுதான் ரிப்போர்ட்."

எங்கள் சபைப் போதகர் திரித்துவத்தை விளக்கியபோது புரியாதது எனக்கு அன்றைக்கு அரைகுறையாகப் புரிந்தது. போதகரிடம் இதைச் சொல்லவில்லை.

ஆனால் ரிப்போர்ட்டில் ஒரு தொல்லை இருந்தது. ஒவ்வொரு மாதமும் நூற்றுக்கணக்கான ஷீட்டுகளில் மாதத்தின் பெயரைக் கையால் மாற்ற வேண்டும். ஒரு ஏப்ரலில் பத்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. மார்ச்சுக்கு ஆங்கிலத்தில் முதல் மூன்று எழுத்து, ஏப்ரலுக்கு முதல் மூன்று எழுத்து, இதை எடுத்துவிட்டு அதைப் போடு என்று எக்ஸெலுக்கு மொத்தமாக ஆணையிட்டுவிட்டு டீ குடிக்கப் போனாள். அது அவள் சொன்ன சொல் தட்டாமல் எங்கெல்லாம் அந்த மூன்று எழுத்து இருந்ததோ அங்கெல்லாம் மாற்றியது. மாரி பிஸ்கட் 'ஏப்ரி பிஸ்கட்' ஆனது. தாம்பரம் மார்க்கெட் கடை 'ஏப்ர்கெட் கடை' ஆனது. குரோம்பேட்டைக் கடை மேரி அக்காவும் ஏப்ரி அக்காவாக மாறி, ஓய்வு பெறும்வரை அப்படியே இருந்தார். ரங்கராஜன் சார் அந்த ரிப்போர்ட்டை நிதானமாக முழுக்கப் படித்தார். பிறகு, ஏப்ரி பிஸ்கட் விற்பனை நன்றாக இருக்கிறது, ஆனால் நாம் அதைத் தயாரிப்பதே இல்லையே என்றார்.

அதன் பிறகுதான் கர்மம் வந்தது. சர்வரில் ஒரு பெயரை வைத்து, அதற்குள் ஒரு மதிப்பைப் போட்டு வைக்கலாம். சப்ஸ்டிட்யூஷன் வேரியபிள் என்பார்கள். எங்களுடையதற்குப் பெயர் 'கர்மந்த்', அதாவது கரண்ட் மந்த் என்பதன் சுருக்கம். ஷீட்டில் மாதத்தின் பெயருக்குப் பதிலாக & என்ற குறியைப் போட்டு, பின்னால் கர்மந்த் என்று எழுதிவிட்டால் போதும். சர்வரில் ஒரே ஒரு இடத்தில் ஜனவரியைப் பிப்ரவரியாக்கினால் எல்லா ரிப்போர்ட்டும் பிப்ரவரிக்கு நகர்ந்துவிடும். கர்மந்த் என்பது வாயில் நுழைய ஒரு வாரமானது. கர்மமாக அதற்கு ஒரு நாள்கூட ஆகவில்லை. "இந்த மாசக் கர்மத்தை மாத்தியாச்சா?" என்று ஆபீஸ் முழுக்கக் கேட்கும். புதிதாக வந்த ஆடிட்டர் ஒருவர், யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து எனக்குத் துக்கம் விசாரித்தார்.

கர்மத்தை மாற்றுவது ரங்கராஜன் சார் முன்னால்தான் நடக்கும். மாதக் கணக்கு மூடியதும் என் பின்னால் வந்து நிற்பார். இப்போது உள்ளே என்ன இருக்கிறது என்று வாய்விட்டுப் படிக்கச் சொல்வார். புது மாதத்தை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொண்டே அடிக்க வேண்டும். பிறகு ஏதாவது ஒரு ரிப்போர்ட்டை ரிஃப்ரெஷ் செய்து, தலைப்பில் மாதம் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதோடு விடமாட்டார். ஒரு மொத்தத்தைக் காட்டி, "ஒரு படி கீழே இறங்கு" என்பார். அந்த மொத்தத்தை டபுள் கிளிக் செய்தால் அதற்குள் இருக்கிற சரக்குகள் தனித்தனியாக விரியும். அவற்றில் இரண்டு எண்களையாவது ஃபேக்டரிக்குப் போன் போட்டுக் கேட்டுச் சரிபார்ப்பார். எழுத்துப் பிழையாக அடித்துவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு முறை கேட்டேன். எல்லா ரிப்போர்ட்டும் சிவப்பாகக் கத்தும், கத்துகிற தப்பு நல்ல தப்பு, சத்தம் போடாத தப்புதான் குடியைக் கெடுக்கும் என்றார்.

சத்தம் போடாத தப்பு, நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருஷங்கள் முன்னால் வந்தது. அதைக் கொண்டுவந்தவர் மாப்பிள்ளை சார்.

முதலாளியின் மாப்பிள்ளை அவர். வெளிநாட்டில் படித்து, அங்கேயே கொஞ்ச காலம் இருந்துவிட்டு, மாமனாருடைய பேக்கரியை முன்னேற்ற வந்திருந்தார். கெட்டவர் இல்லை, முட்டாளும் இல்லை. அவருக்கு மொத்தம் பிடிக்கும். ஒரு பக்கம், ஒரு வரி, ஒரு எண். கீழே இறங்கிப் பார்ப்பது அவரைப் பொறுத்தவரை குமாஸ்தா வேலை. ஃபேக்டரியிலிருந்து கடைக்கு எவ்வளவு சரக்கு போகிறது என்பதை வைக்க அவர் தனியாக ஒரு புது டேட்டாபேஸ் ஆரம்பித்தார். சோதனைக்காகக் கேளம்பாக்கம் கடையை மட்டும் அதில் சேர்த்தார்கள். அனுப்பிய சரக்கு புது டேட்டாபேஸில், விற்ற சரக்கு எங்கள் பழைய டேட்டாபேஸில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு ரிப்போர்ட்டை, அதை அமைத்துக் கொடுத்த வெளி கம்பெனிப் பையனே போட்டுத் தந்தான்.

பிப்ரவரிக் கணக்கு மூடியதும் அந்த ரிப்போர்ட் வந்தது. தலைப்பில் பிப்ரவரி என்று இருந்தது. கேளம்பாக்கத்துக்குப் போன கேக்கில் பாதிகூட விற்கவில்லை, மிச்சம் கடையிலும் இல்லை. ஆக, காணோம்.

கடைப் பொறுப்பாளர் முருகேசனை ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். அவர் கேளம்பாக்கத்திலேயே பிறந்தவர். அவருடைய அப்பா நெல் போட்ட நிலத்தில் இப்போது அபார்ட்மெண்ட் நிற்கிறது. விற்ற பணம் அண்ணன்கள் பக்கம் போக, இவருக்கு எங்கள் கடையின் தொப்பி கிடைத்தது. வாய் கொஞ்சம் நீளம். குறிப்பெடுக்க நானும் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் மாப்பிள்ளை சார் காகிதத்தை அவர் பக்கம் நகர்த்தி, இதற்கு என்ன விளக்கம் என்று ஆங்கிலத்தில் கேட்டார். எச்.ஆர். அதிகாரி தமிழில் சொன்னார்.

முருகேசன் காகிதத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இம்மாங் கேக்க நான் இன்னா சார் பண்ணுவேன்? அடுக்கி வெச்சா என் வூட்ல நாங்க படுக்க எடம் இருக்காது."

யாரும் சிரிக்கவில்லை. எனக்கு வந்தது, அடக்கிக்கொண்டேன். விசாரணை முடியும்வரை கடைக்கு வரக் கூடாது, சாவியை வைத்துவிட்டுப் போகலாம், போலீசுக்குப் போவதா வேண்டாமா என்று பிறகு சொல்கிறோம் என்றார்கள். உத்தரவில் மாப்பிள்ளை சார் கையெழுத்துப் போட்டார்.

வெளியே மாடிப்படியில் முருகேசன் என்னைப் பார்த்து நின்றார். உள்ளே இருந்த வாய் இப்போது இல்லை. "எக்கா, பொண்ணுக்கு பிளஸ் டூ பரிச்ச நடக்குது. நான் வேலைக்கு போவாம வூட்ல குந்திகினு இருந்தா இன்னா ஏதுன்னு கேக்கும். திருட்டுப் பட்டம்னு எப்டிக்கா சொல்றது?"

ரிப்போர்ட்டை நான் போடவில்லை என்று சொல்லலாம்தான். அது அவருக்கு எதற்கு உதவும்? விறுவிறு என்று சீட்டுக்கு வந்து அந்த ஃபைலைத் திறந்தேன். 'கேக் மொத்தம்' என்ற ஒரே வரி. டபுள் கிளிக் செய்தேன். அந்த வரி விரிந்து சரக்குகள் ஒவ்வொன்றாக இறங்கின. பிறந்தநாள் கேக், பேஸ்ட்ரி, கப் கேக். எல்லாவற்றுக்கும் மேலே, மற்ற எல்லாவற்றையும்விடக் கூடுதலாக, பிளம் கேக்.

பிப்ரவரியில் பிளம் கேக். நான் கிறிஸ்தவச்சி. கிறிஸ்துமஸ் முடிந்து புது வருஷமும் பிறந்த பிறகு எங்கள் வீட்டிலேயே பிளம் கேக்கைக் காகத்துக்குத்தான் போடுவோம். ஃபேக்டரியில் ஜனவரி முதல் வாரத்துக்குப் பிறகு அதைச் செய்வதே இல்லை. நான் வாய்விட்டுச் சிரித்தேன். பத்மா எட்டிப் பார்த்து, மாத்திரை போட்டாயா என்று கேட்டாள்.

சிரிப்பு அடங்கியதும் பயம் வந்தது. தலைப்பு பிப்ரவரி என்கிறது, சரக்கு டிசம்பர் என்கிறது. தலைப்பு எங்கிருந்து மாதத்தை எடுக்கிறது என்று பார்த்தேன். எங்கள் பழைய டேட்டாபேஸிலிருந்து எடுக்கிறது. அதே கர்மத்தைப் புது டேட்டாபேஸிடம் கேட்டால் என்ன சொல்லும்? பக்கத்துக் கட்டத்தில் எழுதிக் கேட்டேன். டிசம்பர் என்றது.

ரங்கராஜன் சாரைக் கூப்பிட்டேன். வந்தார், நின்றார், பேனா மூடியால் டிசம்பரை ஒரு தட்டு, பிப்ரவரியை ஒரு தட்டு தட்டினார். ஒரே பெயரில் கர்மத்தை இரண்டு இடத்தில் வைக்கலாம். சர்வருக்குப் பொதுவாக ஒன்று, ஒரு டேட்டாபேஸுக்குள் மட்டும் ஒன்று. உள்ளே ஒன்று இருந்தால் அந்த டேட்டாபேஸ் பொதுவில் இருப்பதைத் திரும்பியும் பார்க்காது. வீட்டுக்குள் குடத்தில் தண்ணீர் இருக்கும்போது தெருக் குழாய்க்கு யார் போவார்கள்? நாங்கள் தெருக் குழாயில் பிப்ரவரியை விட்டுக்கொண்டிருந்தோம். புது வீட்டுக் குடத்தில் யாரோ டிசம்பரை நிரப்பி வைத்திருந்தார்கள். டிசம்பரில் அனுப்பிய கேக்கிலிருந்து பிப்ரவரியில் விற்ற கேக்கைக் கழித்து, மிச்சத்தை முருகேசன் தலையில் கட்டியாகிவிட்டது.

வெளி கம்பெனிப் பையனுக்குப் போன் செய்தேன். அவன் ரொம்ப சாதாரணமாக, ஆமாம் மேடம், மாப்பிள்ளை சார் தம் மாமனாருக்கு டெமோ காட்டியபோது ஜனவரி எண்கள் சோர்வாக இருந்தன, டிசம்பரைப் போடச் சொன்னார், அவர் லாகினிலேயே போட்டேன், பிறகு எடுக்கச் சொல்லவில்லையே என்றான். அவன் மேல் கோபம்கூட வரவில்லை. எண் அழகாக இருக்க வேண்டும் என்று ஒருவர் ஆசைப்பட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

நானும் ரங்கராஜன் சாரும் மாப்பிள்ளை சார் அறைக்குப் போனோம். நான் லேப்டாப்பில் காட்டினேன். பிளம் கேக் வரியைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. சொன்னேனே, முட்டாள் இல்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அந்த டெஸ்ட் மதிப்பை இப்போதே டிலீட் செய்துவிடுங்கள், முருகேசனை வரச் சொல்லி எச்.ஆரிடம் சொல்லிவிடுகிறேன், எல்லாருக்கும் சிஸ்டம் எரர் என்று ஒரு மெயில் போட்டுவிடுங்கள் என்றார்.

என் விரல் கீபோர்டுக்குப் போனது. ரங்கராஜன் சார் பேனா மூடியை என் கைக்குக் குறுக்கே வைத்தார்.

"சிஸ்டம் ஒண்ணும் தப்பு பண்ணலை சார். போட்டதைச் சொல்லித்து. இதை அழிச்சுட்டா அப்புறம் காட்டுறதுக்கு ஒண்ணும் இருக்காது. முருகேசனைக் காப்பாத்த கம்ப்யூட்டர் மேல பழி போட்டாங்கன்னுதான் அந்தக் கடைத்தெருவுல பேசுவாங்க. போய்ச் சொல்லிட்டு வந்து அழிக்கலாம்."

"எச்.ஆர். போவாங்களே."

"கையெழுத்து உங்களது."

அந்த மாதக் கடைசியில் ரங்கராஜன் சாருக்கு ஓய்வு. பணி நீட்டிப்புக்கான காகிதம் அதே மேஜையில், அதே கையெழுத்துக்காகக் காத்திருந்தது. அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அந்த நீட்டிப்பு வரவில்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொன்னால் கதை அழுமூஞ்சி ஆகிவிடும். இதனால்தான் வரவில்லை என்று யாரும் சொல்லவில்லை, இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. சார் சனிக்கிழமை தவறாமல் மலையேறிக்கொண்டு சௌக்கியமாகத்தான் இருக்கிறார்.

மாப்பிள்ளை சார் கார் சாவியை எடுத்தார்.

வண்டலூர் வழியாகப் போனோம். முன்சீட்டில் ரங்கராஜன் சார், பின்சீட்டில் நானும் லேப்டாப்பும். எனக்கு ஏதோ பெண் பார்க்கப் போகிற மாதிரியும், பிணத்தைப் பார்க்கப் போகிற மாதிரியும் மாறி மாறித் தோன்றியது. கேளம்பாக்கம் கடையில் மாலைக் கூட்டம் ஆரம்பித்திருந்தது. கவுண்டரில் இரண்டு பெண்கள், வேறு கடையிலிருந்து அனுப்பிய ஒரு தற்காலிகப் பொறுப்பாளர். அவரை முருகேசனுக்குப் போன் போடச் சொன்னோம். வீடு பின் தெருவில்தான். டூ வீலரில் வந்தார். சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டிருந்தார். கடை வாசலோடு நின்றுவிட்டார்.

"உள்ள வர்லாமா சார்?" என்றார். நக்கலா நிஜமா என்று எனக்கு இன்னமும் தெரியாது.

மாப்பிள்ளை சாரே வாசலுக்குப் போய் அவரை உள்ளே அழைத்து வந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். டேட்டாவில் ஒரு சிறிய மிஸ்மேட்ச், வருந்துகிறோம் என்ற அளவில் போய்க்கொண்டிருந்தது.

முருகேசன் கையைத் தூக்கினார். "தமிழ்ல சொல்லுங்க சார். எனக்கு புரியுது. இந்தப் பொண்ணுங்களுக்கும் புரியணும்ல."

மாப்பிள்ளை சார் கவுண்டர் பக்கம் பார்த்தார். பஃப்ஸ் வாங்க வந்த ஒரு குடும்பமும் நின்றுகொண்டிருந்தது. அவருடைய தமிழ் கொஞ்சம் தடுக்கும். தடுக்கித் தடுக்கித்தான் சொன்னார்: "கேக் எதுவும் காணாம போகலை. டிசம்பர் கணக்கை எடுத்து பிப்ரவரின்னு சொல்லிட்டோம். அதைப் போடச் சொன்னது நான்தான். முருகேசன் மேல எந்தத் தப்பும் இல்லை. தப்பு என்னுது."

கவுண்டரில் இருந்த பெண்களில் ஒருத்தி அழுதுவிட்டாள். முருகேசன் அழவில்லை. தற்காலிகப் பொறுப்பாளரிடம் கை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார், சுவரில் தொங்கிய தன் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். கவுண்டருக்குள் போய், எங்கள் மூன்று பேருக்கும் தட்டில் பஃப்ஸும் டீயும் வைத்தார். இரண்டு வீட்டுக்காரர்கள் சமாதானமாகி விருந்து வைக்கிற மாதிரி இருந்தது. சாப்பிட்டு முடித்தோம். முருகேசன் மெஷினைத் தட்டி, பில்லைக் கிழித்து, மாப்பிள்ளை சார் முன்னால் வைத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். ஸ்டாக்கு இடிக்கும்."

மாப்பிள்ளை சார் ஒரு நிமிஷம் அந்தப் பில்லைப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே பர்ஸை எடுத்தார். திரும்பும் வழியில் வண்டலூர் சிக்னலில் வண்டி நின்றபோது மாப்பிள்ளை சார் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அந்தக் கர்மத்தை யார் யாரெல்லாம் மாற்ற முடியும் என்று கேட்டார். நான், ரங்கராஜன் சார், நீங்கள் என்றேன்.

"என் பேரை எடுத்துடுங்க" என்றார்.

ஆபீஸ் போனதும் முதலில் டிசம்பரை அழித்தேன், அடுத்து அவர் பெயரை எடுத்தேன். பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. மனிதர் மனசு மாறிவிட்டால் என்ன செய்வது?